ஊர்வலம் திரும்பிய வீதி

"எந்த ரோட்டால போறீங்கள்?" என்று ஐவி தொலைபேசியில் கேட்டதும் மெல்ரோயின் குரலே மாறிவிட்டது.

"கடற்கரை வீதியால, அம்மா. பாக்க வாறீங்களோ?"

"பாப்பம்."

"இந்த முறை நான் முகமூடி போடேல்லை. முன்னுக்குத்தான் நிப்பன்."

"பாப்பம் எண்டனான்தானே."

அந்தப் பக்கமே தலைகாட்டாமல் இருப்பதற்காகத்தான் வழியைக் கேட்டாள் என்பது அவனுக்குத் தெரியாது. சனிக்கிழமை பக்கத்து வீட்டு ஆமினா உம்மாவைக் கண் டொக்டரிடம் கூட்டிப்போக வேண்டியிருந்தது. உட்துறைமுக வீதியால் போய் அதாலேயே திரும்பினால் ஊர்வலத்தைக் காணவேண்டி வராது.

மூன்று வருடங்களுக்கு முன், தன் மனம் ஆண்களிடம்தான் போகிறது என்று மெல்ரோய் குசினியில் வைத்துச் சொன்னான். பிறகு உப்புவெளியில் ஓர் அறை எடுத்துக்கொண்டு போனான். மகன் கட்டாருக்குப் போய்விட்டதாக ஐவி ஒழுங்கை முழுவதற்கும் சொன்னாள். சொன்ன பொய்க்கு ஒரு கரைச்சல் வந்தது. ஆமினா உம்மாவின் மகன் ஸப்வான் உண்மையாகவே கட்டாரில் இருந்தான். அவன் லீவில் வந்து திரும்பும்போதெல்லாம் உம்மா மெல்ரோய்க்கும் ஒரு போத்தல் மாசிக் கருவாட்டுச் சம்பல் கொடுத்துவிடுவார். "அவன் கம்பனி மாறிட்டான், உம்மா" என்று, ஸப்வான் தேடியும் ஆள் கிடைக்காத ஒவ்வொரு முறையும் ஐவி சொல்லிச் சமாளித்தாள்.

கண்புரை வெட்டிய கட்டை அவிழ்த்து, எல்லாம் சரி என்று டொக்டர் சொல்லியனுப்பிய சந்தோஷத்தில் உம்மா ஓட்டோவுக்குள் ஏறியதிலிருந்து வாய் மூடவில்லை.

"தம்பி யோகலிங்கம், கழுத்துக்குப் பின்னால ஊத்த தெரியிது. சவுக்காரம் போடுறல்லையா நீ?"

"டொக்டர் கொஞ்சம் கூடத்தான் வெட்டிட்டார் போல, உம்மா" என்றான் ஓட்டோக்காரன்.

சிரித்துக்கொண்டிருக்கும்போதே உட்துறைமுக வீதியில் ஒரு பொலிஸ்காரர் கையைக் காட்டி மறித்தார். யோகலிங்கம் வெளியே எட்டி விசாரித்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்தான்.

"கடற்கரை வீதியில தண்ணிக் குழாய் வெடிச்சிட்டுதாம். ஊர்வலத்த இதால திருப்பியிருக்கினம்."

"என்ன ஊர்வலம்? எலெக்‌ஷனா?"

"இல்லை, உம்மா. வானவில் கொடிக்காரர். பெருமித நடை எண்டு வருசா வருசம் போறவை."

ஐவி முன்னுக்குச் சாய்ந்தாள். "வேற ஒழுங்கையால விடேலாதோ, தம்பி?"

"பின்னுக்கும் வாகனம், அக்கா."

முதலில் மேளமும் எக்காளமும் வந்தன. பைலா மெட்டுக்குச் சேலை கட்டிய திருநங்கைகள் ஆடினார்கள். ஒருவர் பிள்ளையைத் தோளில் வைத்திருந்தார். ஒலிபெருக்கியில் மெல்ரோய் பேசிக்கொண்டு வந்தான்.

"முதல் வருசம் நாங்கள் ஒன்பது பேர். கொடியைக் குடைக்குள்ள சுத்திக்கொண்டு போனம். பொலிஸ் கேட்டால் பிறந்தநாள் எண்டு சொல்ல ஒரு கேக்கும் கையில. கடைசியில பொலிஸ்காரரும் கேக் சாப்பிட்டவை!" கூட்டம் சிரித்தது. "அடுத்த வருசம் முகமூடியோட மீன்சந்தை மட்டும் நடந்தம். கல் விழுந்தது. றஜிதாவின்ர நெத்தியைப் பாருங்கோ, இன்னும் தழும்பு இருக்கு. போன வருசம் மழை, பூசின கலரெல்லாம் கழுத்தால வழிஞ்சது. இண்டைக்குத் திரும்பிப் பாருங்கோ, வால் எங்க முடியுதெண்டு தெரியேல்லை!"

அப்போது அவன் ஓட்டோவுக்குள் இருந்த ஐவியைக் கண்டான். அம்மா பார்க்க வந்துவிட்டாள் என்றே நினைத்தான். முகமெல்லாம் சிரிப்பாக, ஒலிபெருக்கியைப் பக்கத்திலிருந்தவளிடம் கொடுத்துவிட்டு, கையை உயர்த்தியபடி வந்தான்.

"அது மெல்ரோய்தானே?" என்றார் உம்மா.

"மெல்ரோய் கட்டாரில, உம்மா."

"எண்ட கண்ணால பாக்கன், புள்ள. காதுக்குக் கீழ மச்சம் கூடத் தெரியிது."

"உங்களுக்கு இன்னும் பார்வை சரிவரேல்லை. அது வேற ஆரோ பொடியன்."

மெல்ரோய் கை எட்டும் தூரத்துக்கு வந்திருந்தான். உயர்த்திய கை இறங்கியது.

"மன்னிக்கோணும், அன்ரி. தெரிஞ்ச ஆள் எண்டு நினைச்சன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனான்.

உம்மா ஒரு கண்ணைப் பொத்திப் பார்த்தார். மற்றதைப் பொத்திப் பார்த்தார்.

"கொரலும் அவன்ட மாதிரித்தான் கேட்டிச்சி. தம்பி, ஓட்டோவத் திருப்பு. டொக்டர்ட்டப் போவம். கண் பிழைச்சிட்டு." அவர் இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டார். "கண்ணும் போனா ஸப்வான்ட முகத்த நான் எப்பிடிப் பாப்பன்?"

"அழாதேங்கோ, உம்மா. அழக்கூடாதெண்டு டொக்டர் சொன்னவர்" என்றான் யோகலிங்கம். கண்ணாடியில் அவன் ஐவியைப் பார்த்தான். அவளால் அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை.

"உம்மா, கைய எடுங்கோ. உங்கட கண்ணில ஒரு பிழையும் இல்லை. அது மெல்ரோய்தான்."

"எப்ப வந்தான்?"

"போகேல்லை. இஞ்சதான் இருக்கிறான். அவன் இந்த ஆக்களில ஒருத்தன். வெளியில தெரியக் கூடாதெண்டு நான்தான் கட்டார்க் கதை சொன்னனான்."

உம்மா கையைக் கண்ணிலிருந்து எடுத்தார்.

"எண்ட ஸப்வான் அங்க லீவு நாளெல்லாம் பஸ்ஸில திரிஞ்சு தேடினானே, சம்பல் போத்தலோட?"

"ஓம்."

"ஒங்கட மகன் எப்பிடி இரிந்தாலும் அது ஒங்கட வீட்டுக் கத. எண்ட கண்ண என்னத்துக்குக் குருடெண்டு சொன்ன?"

ஐவி அவருடைய கையைப் பிடிக்கப் போனாள்.

"எறங்கு. நான் யோகலிங்கத்தோட போறன்." உம்மா முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஐவி இறங்கினாள். கூட்டம் அவளையும் இழுத்துக்கொண்டு நகர்ந்தது. சேலைத் தலைப்பை முகத்துக்கு இழுத்துவிட்டாள்.

"அன்ரி, முகம் தெரியக் கூடாதெண்டால் மாஸ்க் இருக்கு" என்றாள் பக்கத்தில் வந்த பெண். "முதல் முறை வாறவைக்கெண்டு வச்சிருக்கிறம். வெக்கப்படாதேங்கோ."

அவளுடைய நெற்றியில் தழும்பு இருந்தது. கல் விழுந்த வருடம், தண்ணீர் எடுக்கும் பைப்படியில் நின்று 'அவைக்கு இது வேணும்' என்று மற்றப் பெண்களோடு சேர்ந்து ஐவியும் சொல்லியிருந்தாள்.

"வேண்டாம், பிள்ளை" என்று தலைப்பை இறக்கிவிட்டு, ஆட்களை விலத்திக்கொண்டு முன்னுக்குப் போனாள். மெல்ரோய் பதாகையின் ஒரு கரையைப் பிடித்திருந்தான்.

"பாக்க வந்தீங்கள் எண்டு நினைச்சன்" என்றான், அவளைப் பாராமல்.

"இல்லை. நீ வராத ரோட் எண்டுதான் இதால வந்தனான்."

"அதுக்கோ வழி கேட்டீங்கள்?"

"ஓம்."

அவன் பதாகையின் கரையை இழுத்துப் பிடித்தான். வீதிக்கரையில் நின்ற கூட்டத்திலிருந்து, பாலையூற்றில் ஐவியோடு ஞாயிறு பூசைக்கு வரும் ஒருத்தி கையை ஆட்டினாள். "ஐவி அக்கா! மெல்ரோய் எப்ப கட்டாரால வந்தவன்?"

"அவன் போகவே இல்லை."

எக்காளம் அதை விழுங்கிவிட்டது. "என்னக்கா? கேக்கேல்லை!"

முதல் முறை சொன்னதைவிட இரண்டாம் முறை சொல்வது கஷ்டமாக இருந்தது. "போகவே இல்லை! நான் பொய் சொன்னனான்!"

அந்தப் பெண்ணின் கை அப்படியே நின்றது. பக்கத்தில் நின்றவளின் காதுக்குள் என்னவோ சொன்னாள்.

"போதும், அம்மா. அவவுக்கு விளங்கிட்டுது."

"உம்மாட்ட உண்மையச் சொல்லிட்டன். இனி என்னோட கதைக்கமாட்டா, மகன்."

"போய் மன்னிப்புக் கேளுங்கோ."

"மன்னிப்பாவோ?"

"தெரியாது. எனக்கும் உங்களை மன்னிக்க இன்னும் ஏலாமத்தான் இருக்கு" என்றான் மெல்ரோய். "முன்னுக்குப் பாத்து நடவுங்கோ. ரோட்டில பள்ளம்."