ஞாயிற்றுக்கிழமைச் சைரன்

வெடிமருந்துப் பெட்டியைத் தோளில் வைத்து மலையேறும்போது பேச்சு வராது. மூச்சே போதாது. அன்று பேசக்கூடாது என்று உத்தரவும் இருந்தது.

விடிவதற்கு முன்பே ஏறத் தொடங்கினோம், ஏழு பேர். லாரியைக் கிளப்பினால் சத்தம் கேட்கும் என்று பெட்டிகளை எங்கள் தோளில் ஏற்றிவிட்டார் பாஸ். மரப்பெட்டியின் விளிம்பு கழுத்தெலும்பை அறுத்தது. பனியில் நனைந்த கல்தூள் காலடியில் பசையாக ஒட்டியது. மலைக்கு அப்பால் எட்டு மைல் தள்ளி லம்பாசா டவுன் தூங்கிக்கொண்டிருந்தது.

1987 டிசம்பர். அந்த ஆண்டு ஃபிஜியில் ராணுவம் இரண்டு தடவை ஆட்சியைப் பிடித்திருந்தது; முடிந்த இந்தியர்கள் நாட்டைவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யக்கூடாது, கடை திறக்கக்கூடாது, பந்துகூட விளையாடக்கூடாது என்று புதுச் சட்டம். எங்கள் குவாரிக்குச் சவுசவு ஊருக்குப் போகும் ரோட்டுக்குக் கல் கொடுக்கும் கான்ட்ராக்ட். பாஸ் நரேந்திராவின் பிள்ளைகள் சிட்னிக்குப் போய்விட்டார்கள். கான்ட்ராக்ட் முடிந்ததும் அவரும் போகவேண்டும். வாரத்தில் ஆறு நாள் அவருக்குப் போதவில்லை.

என் வேலை சைரன். குவாரி விளிம்பில் இரும்புக் காலில் நிற்கும் கைச்சைரன். பிடியைச் சுற்றினால் மலையே ஊளையிடும். வெடிக்கு முன் மூன்று நீண்ட ஊதல், ரோட்டின் இரண்டு முனையிலும் சிவப்புக் கொடி, பத்து நிமிடக் காத்திருப்பு. கொட்டகை ஆணியில் தொங்கிய விதிப்புத்தகத்தில் இவ்வளவும் இருந்தது. அதை மாட்டிய இன்ஸ்பெக்டர் அக்டோபரில் வான்கூவருக்குப் போனார். அவர் நாற்காலிக்கு யாரும் வரவில்லை. லைசென்ஸ் வைத்திருந்த வெடிக்காரரும் ஆக்லாந்துக்குப் போய்விட்டார். பாறையில் துளை போடும் தர்மேந்திராவின் கையில் பாஸ் வெடிக்கம்பியைக் கொடுத்து, “இனிமே நீதான்” என்றார்.

துளைகளைச் சனிக்கிழமையே போட்டாயிற்று. மருந்தை இறக்கி, மேலே களிமண் இட்டு மரக்கழியால் இடித்தோம். முழங்கை ஆழத்துக்கு மேல் இடிக்க விடவில்லை.

“போதும், போதும். சோறா வடிக்கிற?” என்றார் பாஸ்.

வெயில் ஏறியபோது சைரன் பக்கம் போய் நின்றேன்.

“பாஸ், ஒரே ஒரு தடவை ஊதிடறேன்.”

“ஊரைக் கூப்பிட்டுக் காட்டப் போறியா, நாகையா? வெடி ஒரு தடவை அதிரும். டிசம்பர் மாசம், இடின்னு நெனச்சுக்குவான். சைரன் ஊதினா சிப்பாய்ல இருந்து பாதிரி வரைக்கும் தெரிஞ்சுபோவும். தொட்டுப் பாரு, நாளைக்கு நீ கரும்பு வெட்டப் போகலாம்.”

பிடியில் வைத்த கையை எடுத்துக்கொண்டேன்.

முந்திய நாள் மாலை பாஸ் எங்களுக்கு இன்னொன்றும் சொல்லியிருந்தார்: வீட்டில் மூச்சுவிடக் கூடாது. நான் என் மனைவி ருக்மணியிடம் கோயிலுக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போவதாகச் சொன்னேன். முப்பது வருடத்தில் அவளிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லை. அதனால் அவள் ஒன்றும் கேட்கவில்லை.

எங்கள் குடியிருப்புப் பெண்கள் மலையடி ஓடையில் துணி துவைப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். மற்ற நாளில் வெடியில் கல் பறந்து வரும். ஞாயிற்றுக்கிழமை வராது; சட்டமே சொல்லியிருந்தது.

வெடித்தது. களிமண் போதாத துளைகள் பக்கவாட்டில் பிய்த்துக்கொண்டன. கற்கள் மேலே போய் வெயிலில் ஒரு கணம் கரும்புள்ளிகளாக நின்று, ஓடைப் பக்கம் சரிந்து விழுந்ததைப் பார்த்தேன். தூசி அடங்குவதற்குள் பொன்னம்மா மலையேறி வந்தாள். அடுத்த வீட்டுக்காரி. முழங்கால்வரை நனைந்த சேலை. நெற்றியில் ரத்தம், அவளுடையது இல்லை. என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

“அண்ணே, நீ இங்கயா இருக்க? நீ இருந்துமா ஊதல?”

உயிர் போனபோது ருக்மணி கையில் இருந்தது என் காக்கிக் கால்சட்டை. கல்தூள் போகவில்லை என்று இரண்டாம் தடவை சோப்புப் போட்டுக்கொண்டிருந்தாளாம்.

போலீஸ் ஸ்டேஷனில் எழுதியவர் இளைஞர். “எப்படி வெடிச்சிருக்கும்? ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யக்கூடாதுன்னு சட்டம். அதனால வேலை நடக்கல” என்றார். வெறும் விபத்து என்று எழுதி முடித்த பிறகே இதைச் சொன்னார்.

நான்காம் நாள் பாஸ் என்னை நசியாவில் இருந்த தன் வீட்டுக்கு அழைத்தார். கூடத்தில் சாமான்கள் பெட்டி கட்டி, மேலே சிட்னி விலாசம் ஒட்டியிருந்தது. எங்கள் இருவரின் பாட்டன்மாரும் கரும்புத் தோட்டக் கூலிகளாக மதராசிலிருந்து ஒரே கப்பலில் வந்தவர்கள். எல்லோரிடமும் இந்தி பேசுவார். என்னால் ஏதாவது ஆகவேண்டியிருந்தால் தமிழ் வரும்.

“மனசு கேக்கல நாகையா. நம்ம பொண்ணு. ஒரு காயிதம் இருக்கு, இன்சூரன்ஸ்காரன் கேக்கறான். கைநாட்டு வச்சிடு.” மைப்பெட்டியைத் திறந்து என் பக்கம் நகர்த்தினார்.

காகிதத்தை எடுத்துப் படித்தேன். நான் படிப்பேன் என்பது அவருக்குத் தெரியாது. பெருமழையில் பாறை தளர்ந்து தானாக உருண்டது என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது.

“மழை எங்க பேஞ்சது, பாஸ்?”

அவர் முகம் மாறியது. “ஓஹோ. தொரைக்கு இங்கிலீஷும் வருதா? சரி, வெடின்னே சொல்லு. சட்டத்தை மீறி வேலை செஞ்சது யாரு? நீ. தர்மேந்திரா. மத்த அஞ்சு பேரு. நான் நசியாவுல தூங்கிட்டிருந்தேன். சிப்பாய்ங்க முதல்ல யாரைத் தூக்குவான்?”

“நீங்க மேல இருந்தீங்க.”

“பார்த்தது யாரு? ஞாயிற்றுக்கிழமை அங்க ஆளே இல்லையே!” சிரித்தார். “வர்ற ஞாயிறும் ஒரு வெடி இருக்கு. வந்தா வேலை. இல்லேன்னா வீட்டையும் காலி பண்ணு. அது குவாரி நிலம், ஞாபகம் இருக்கட்டும்.”

காகிதத்தைக் கையெழுத்தில்லாமல் மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் தேநீர் இடைவேளையில் கல் உடைக்கும் எந்திரம் நின்றது. காதுக்குள் மட்டும் அது ஓடிக்கொண்டே இருந்தது. தர்மேந்திரா தலை குனிந்து உட்கார்ந்திருந்தான்.

“நாகையாண்ணே, மண்ணு பத்தாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் கம்பியச் சேர்த்தேன். என்னை அடிச்சுடுங்க.”

“நான் என்னை அடிச்சு முடிக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்” என்றேன்.

இசிகேலி எங்கள் லாரி டிரைவர். மலைக்குப் பின்னால் இருக்கும் ஃபிஜியன் கிராமத்துக்காரன். லம்பாசா இந்தி எங்களைவிட நன்றாகப் பேசுவான். ஞாயிறு சர்ச்சுக்குப் போகிறவன் என்பதால் பாஸ் அவனிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. தேநீரைக் கீழே வைத்தான்.

“நாகையா பாய், அன்னைக்கு நான் சர்ச்சுல பாடிட்டிருந்தேன். சத்தம் கேட்டுது. பக்கத்துல இருந்தவன் இடின்னான். பன்னெண்டு வருசமா இந்த வெடியக் கேக்கற காது எனக்கு. தெரிஞ்சும் பாட்டை நிறுத்தல. எங்க சாமி பேரைச் சொல்லித்தான இந்தச் சட்டம்? அந்தப் பேரை வச்சே உன் வீட்டுக்காரி சாவை மூடிட்டான். இந்த ஞாயிறு நான் மலைக்கு வர்றேன்.”

“உன் ஆளுங்க சும்மா விடுவாங்களா?” என்றான் தர்மேந்திரா.

“விடமாட்டாங்க. உன்னை விட்டுடுவாங்களா?”

தர்மேந்திராவுக்கும் சிரிப்பு வந்தது. அந்த வாரம் எங்களுக்குள் கேட்ட முதல் சிரிப்பு.

ஆணியில் இருந்த புத்தகத்தை எடுத்து, சைரன், கொடி, காத்திருப்பு என்று ஒவ்வொரு விதியாகப் படித்துச் சொன்னேன். மற்ற ஏழு பேரும் கேட்டார்கள். பெட்டியைத் தூக்கி மேலே போவோம், திறக்கமாட்டோம், சைரனை ஊதுவோம் என்று முடிவானது. வேலை நடக்கிறது என்று ஊர் கேட்கட்டும். எங்களைப் பிடித்துப் போனாலும், ஞாயிற்றுக்கிழமை குவாரியில் ஆள் இருந்தது என்று அவர்கள் கையாலேயே எழுதித்தான் ஆகவேண்டும். அதை எழுதினால் ருக்மணியையும் எழுதவேண்டி வரும்.

அந்த ஞாயிறு விடியலில் மறுபடி அதே மரப்பெட்டி, அதே கழுத்தெலும்பு. துளைகளுக்கு ஓரமாகப் பெட்டிகளை இறக்கிவைத்துவிட்டு எல்லோரும் சைரன் பக்கம் வந்தார்கள்.

“என்னடா இது?” என்றார் பாஸ்.

நான் பிடியைச் சுற்றினேன். முதலில் முனகல், பிறகு ஏறி ஏறி மலை முழுவதும் ஒரே அலறல். அவர் ஓடிவந்து என் சட்டையைப் பிடித்தார். இசிகேலி நடுவில் வந்து நின்றான். அவரைத் தொடவில்லை, அவனுடைய அகலமே போதுமாக இருந்தது.

“உன் சட்டத்தை நீயே மீறுறியா!” என்று அவனைப் பார்த்துக் கத்தினார்.

“ஆமா பாஸ். எழுதிக்கங்க.”

கைச்சைரன் நிறுத்தினால் செத்துவிடும். என் தோள் தளர்ந்தபோது தர்மேந்திராவின் கை பிடிமேல் வந்தது, ஊதல் இறங்கவில்லை. அவனுக்குப் பின் இசிகேலி. கீழே வீடுகளிலிருந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். ஓடைக்குப் போன பெண்கள் துணியோடு விலகி ரோட்டுக்கு ஏறினார்கள். முன்னால் பொன்னம்மா, கொட்டகைச் சிவப்புக் கொடியை முந்திய நாளே என்னிடம் வாங்கிப் போயிருந்தாள்.

லம்பாசாப் பக்கம் தூசி எழுந்தது. பச்சை லாரி, மேலே துப்பாக்கிகள். பாஸ் தன் காரை நோக்கி இறங்கி ஓடினார். காருக்கும் ரோட்டுக்கும் நடுவில் எங்கள் குடியிருப்பு முழுவதும் வந்து நின்றது.

மறுபடி என் முறை. சுற்றிக்கொண்டே பார்த்தேன். ரோட்டின் நடுவே பொன்னம்மா கொடியைத் தலைக்கு மேல் பிடித்திருந்தாள். கொடி இறங்கவில்லை. லாரி அவளிடமிருந்து இருபது அடி தள்ளி நின்றது. ஒரு சிப்பாய் குதித்து இறங்கி, மலையை நிமிர்ந்து பார்த்தான்.

நான் சுற்றுவதை நிறுத்தவில்லை. பக்கத்தில் அடுத்த கை காத்திருந்தது.