பக்கத்து சீட்டுப் பெடல்

ஆறாம் நாள் காலை பத்தரை மணிக்கு, நடு ஏற்றத்தில், என் கார் என் மானத்தை வாங்கியது. இன்ஜின் ஊரைக் கூட்டுகிற மாதிரி கத்துகிறது, வண்டி மட்டும் நகர மாட்டேன் என்கிறது. தீய்ந்த நாற்றம் உள்ளே வந்தது. பதினெட்டு வருடமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவளுக்கு அது என்ன நாற்றம் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. கிளட்ச் பிளேட் எரிந்துகொண்டிருந்தது.

ஸ்டியரிங்கில் இருந்தவள் சோடா.

"நிறுத்துடி! ஓரமா விடு! ஹேண்ட் பிரேக்கைப் போடு!" என்று கத்தினேன். "எத்தனை தடவை சொன்னேன், கிளட்ச் மேல காலை வெச்சுக்கிட்டே ஓட்டாதன்னு? எத்தனை தடவை!"

"நான் வெக்கலடி."

"பின்ன? உங்க தாத்தா வந்து வெச்சாரா?"

சோடா ஹேண்ட் பிரேக்கைப் போட்டாள். மூன்றாம் வகுப்பிலிருந்தே சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருக்கிறாள், அதனால் அந்தப் பெயர். இப்போது பதிவு அலுவலகத்தில் பிறப்புச் சான்றிதழ் எழுதுகிறாள். ஒரு எழுத்துப் பிழை இருந்தால் முழுத் தாளையும் மறுபடி எழுதுகிற ஜாதி. பின் சீட்டில் வழிப் புத்தகத்தோடு இருந்தவன் எங்கள் இருவரோடும் படித்த தபால்காரன். அவனை போஸ்ட்டு என்போம். என்னை அவர்கள் பிரேக்கு என்கிறார்கள், முகத்துக்கு நேராகவே.

எங்களைத் தாண்டி மற்ற பந்தயக் கார்கள் ஹாரன் அடித்தபடி ஏறிப் போயின. ஒரு காரிலிருந்து, பந்தயத்துக்குச் சேர்ந்து வந்திருந்த பல் மருத்துவர்கள் நாலு பேர் கையசைத்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

பந்தயம் என்றால் யார் முந்துவது என்கிற பந்தயம் இல்லை. பதினெட்டு சின்னக் கார்கள், எட்டு நாள், இரண்டாயிரத்து முந்நூறு கிலோமீட்டர். கடைசியில் மலைமேல் இருக்கிற ஒரு மைதானத்தில் கார்களை ஒப்படைத்துவிட்டுத் திரும்ப வேண்டும். அந்த மலைக் கிராமங்களில் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் நர்ஸுகளுக்கு அந்தக் கார்கள். எங்கள் கார் யாருக்கு என்று முன்பே எழுதியாகிவிட்டது. பதினோரு கிராமத்துக்கு ஒரே நர்ஸ், சின்னப் பெண். ஒரு நாளைக்கு ஒரே பஸ். மற்றபடி நடை. வலி ஊசியை எடுத்துக்கொண்டு நடந்து போய்ச் சேர்வதற்குள், கத்திக் கத்திக் குரலே போய்விட்ட ஆட்கள் உண்டாம். கிளம்புவதற்கு முந்தின வாரம் அந்தப் பெண் எனக்குப் போனில் குரலைப் பதிந்து அனுப்பியிருந்தாள்: "அக்கா, நான் லைசென்ஸ் வாங்கிட்டேன். கார் தக்காளி கலர்னு சொன்னாங்களே, நெஜமா?"

தக்காளி கலர்தான். என் மாணவர்கள் பதினாலு வருடம் இடித்தும் உரசியும் கொஞ்சம் நசுங்கின தக்காளி.

நிபந்தனை ஒன்றே ஒன்று. எட்டாம் நாள் மதியம் இரண்டு மணிக்குள் கார் தன் சக்கரத்தில் ஓடி மைதானத்துக்குள் வர வேண்டும். கட்டி இழுத்து வந்தால் வாங்க மாட்டார்கள். முன்னொரு வருடம் அப்படி வாங்கின மூன்று வண்டிகளில் இப்போது கோழி அடைகிறதாம். கார் சேராவிட்டால் அந்தப் பெண் அடுத்த வருடம் வரைக்கும் நடக்க வேண்டியதுதான்.

இது ஓட்டுநர் பயிற்சிக் கார். பக்கத்து சீட்டிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. மாணவன் தடுமாறினால் நான் மிதிப்பேன், அவன் பெடலும் சேர்ந்து இறங்கும். "கிளம்பறதுக்கு முன்னாடி அதைக் கழட்டிடேன்" என்று போஸ்ட்டு சொன்னான். "இவ ஓட்டுற வண்டியில நான் சும்மா உக்காரணுமா? எனக்கு உசுரு மேல ஆசை இருக்குடா" என்றேன். சோடாவும் சேர்ந்துதான் சிரித்தாள்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் நான்தான். முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கினாள். ஆனால் அதன்பிறகு ஒருநாளும் தனியாக ஓட்டியதில்லை. அவள் கணவர் வாங்கின கார் அவர்கள் வீட்டு வாசலில் தூசி தின்றுகொண்டு நிற்கிறது. கேட்டால், "எனக்கு வராதுடி" என்பாள். அந்தப் பயம் போகட்டும் என்றுதான் இந்தப் பயணத்தில் அவளையே ஓட்ட வைத்தோம்.

முதல் நாளிலிருந்தே அவளைப் பிடிபிடியென்று பிடித்தேன். வளைவில் கியர் மாற்றாதே. கண்ணாடியைப் பார். லாரிக்காரன் முறைத்தால் நீயும் முறை. மூன்றாம் நாள், பந்தயக் கார்கள் வந்த நேரத்தைக் குறித்துக்கொள்கிற ஒரு நிலையத்தில் பத்துப் பேர் நின்று தேநீர் குடிக்கிற இடத்தில், "உனக்கெல்லாம் எவன் லைசென்ஸ் குடுத்தான்?" என்று கேட்டேன். "நீதான் டெஸ்ட்டுக்குக் கூட்டிட்டுப் போன" என்றான் போஸ்ட்டு. பத்துப் பேரும் சிரித்தார்கள். அந்தக் கோபத்தையும் சோடா மேல்தான் காட்டினேன்.

பிளேட் எரிந்த அன்று, லாரி ஒன்றில் கயிறு கட்டி, வந்த வழியே இறக்கி, அடிவாரத்தில் இருந்த ஒரு மெக்கானிக் ஷெட்டில் காரை விட்டோம். மெக்கானிக் ஒல்லியான ஆள், அதிகம் பேசாதவர். கியர் பாக்ஸை இறக்கிப் பிளேட்டை எடுத்துக் காட்டினார். தோசைக்கல்லில் மறந்துவிட்ட மாதிரி கருகிப் போயிருந்தது. "பேரிங்கும் போச்சு. யாரோ விடாம கிளட்ச்சை அழுத்தியிருக்காங்க" என்றார். புதுசு பக்கத்து ஊரிலிருந்து வர வேண்டும், மறுநாள் மதியம் ஆகும்.

நான் சோடாவைத் திரும்பிப் பார்த்தேன். பழைய டயர் ஒன்றின்மேல் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி இல்லாத அவள் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் பாவமாக இருக்கும். எனக்கு இல்லை.

"கேட்டியா? விடாம அழுத்தியிருக்காங்களாம். நான் சொன்னா உனக்கு ஏறாது, அவர் சொன்னா ஏறுதா?"

"பிரேக்கு, போதும் விடு" என்றான் போஸ்ட்டு.

"எதை விடுறது? அந்த நர்ஸுக்கு யாரு பதில் சொல்றது? நீயே போன் பண்ணிச் சொல்லுடி. உன்னாலதான் வண்டி இல்லன்னு சொல்லு. அங்க வலியில கிடக்கிறவங்களுக்கும் சேர்த்துச் சொல்லு."

வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவள் நிஜமாகவே போனை எடுப்பாள் என்று நினைக்கவில்லை. எடுத்தாள். "அம்மா, நான் தக்காளி கலர் வண்டியில வர்றவ. என் தப்பால வண்டி கெட்டுப்போச்சு. வந்து சேருமான்னு தெரியல. மன்னிச்சுக்கோம்மா" என்றாள். எதிர்முனைக் குரல் எனக்கே கேட்டது. "பரவால்லக்கா. நடந்து பழக்கம்தானே." 

மறுநாள் மூன்று மணிக்கு வேலை முடிந்தது. ஓட்டிப் பார்க்க மெக்கானிக் ஏறினார். நான் வழக்கம்போல அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். மற்ற இருவரும் பின்னால். ஏற்றத்தில் கார் சிரமம் இல்லாமல் ஏறியது. எனக்கு மூச்சு வந்தது. அரை கிலோமீட்டர் போயிருப்போம்.

"அக்கா, காலை எடுங்க" என்றார் மெக்கானிக்.

"எந்தக் காலை?"

"உங்க காலைத்தான்."

குனிந்து பார்த்தேன். என் இடது கால் கிளட்ச்சின் மேல் இருந்தது. அழுத்தவில்லை, சும்மாதான் வைத்திருந்தேன். ஆனால் அந்தச் சும்மாவிலேயே பெடல் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. எடுத்தேன். இன்னொரு இருநூறு மீட்டர் போவதற்குள் அவர் மறுபடியும் "அக்கா" என்றார். மறுபடியும் அங்கேயே இருந்தது. எப்போது போனது என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

மெக்கானிக் காரை ஓரம் கட்டினார். "கத்துக்கொடுக்கிறவங்க கால் அப்படித்தான் பழகியிருக்கும். டவுனுக்குள்ள பத்து கிலோமீட்டர் ஓட்டுறப்ப ஒண்ணும் தெரியாது. ரெண்டாயிரம் கிலோமீட்டர் அப்படியே வந்தா எந்தப் பிளேட்டு தாங்கும்?" என்றார். குற்றம் சொல்கிற குரல்கூட இல்லை. அதுதான் இன்னும் சுட்டது.

நான் செய்திருக்க வேண்டியது என்ன என்று எனக்கு நன்றாகவே தெரியும். திரும்பி ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். நான் திரும்பி, "ஏண்டி, உன் காலுக்குக் கீழ பெடல் இறங்குறது உனக்குத் தெரியாம இருக்குமா? வாயில என்ன கொழுக்கட்டையா? ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

சோடா கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டாள்.

"தெரியும்" என்றாள். "முத நாள்லேருந்தே தெரியும். நீ தெரிஞ்சுதான் மிதிக்கிறன்னு நெனச்சேன். நீ டீச்சர். நீ கால் வெச்சா நான் ஏதோ தப்பாப் பண்றேன்னு அர்த்தம். அதான் இன்னும் கவனமா, இன்னும் கவனமான்னு ஓட்டினேன்."

"அதுக்காக..."

"இரு. பன்னெண்டு வருஷம் முன்னாடியும் இப்படித்தான். கடைசி கிளாஸ் வரைக்கும் பெடல் தானா இறங்கும். இவளே இன்னும் காலை எடுக்கலன்னா நமக்கு வரலன்னுதானே அர்த்தம்னு நெனச்சு, நான் வண்டியைத் தொடவே இல்ல." குரல் உடையவில்லை. சான்றிதழ் படிக்கிற மாதிரி படித்தாள். "நேத்து அந்தப் பொண்ணுகிட்ட என் தப்புன்னு சொன்னேனே. நெஜமாவே நம்பித்தான் சொன்னேன்."

ஷெட்டுக்குத் திரும்பியதும் மெக்கானிக்கிடம் அந்தப் பெடல்களைக் கழற்றச் சொன்னேன். இரண்டு போல்ட்டு, பத்து நிமிட வேலை. பதினாலு வருடத்தில் எனக்குத் தோன்றாத பத்து நிமிடம். கழற்றினதைச் சோடாவிடம் காட்டி, "இப்ப சரியா?" என்றேன்.

"பெடலைக் கழட்டியாச்சு. உன் வாயை எந்த ஸ்பேனர்ல கழட்டுறது?" என்றான் போஸ்ட்டு. யாரும் சிரிக்கவில்லை.

"நாளைக்கு நான் ஓட்டுறேன். நீ பஸ்ல வா" என்றாள் சோடா.

"மலை ரோடுடி. குறுக்கு வழியில போனாலே நூத்தறுபது கிலோமீட்டர். உன்னால..."

"பஸ்ல வா."

என் கார். பதிவுப் புத்தகத்தில் என் பெயர். எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்தபோது, இதற்கு மேல் ஒரு வார்த்தை பேசினால் இத்தனை வருடத்துச் சிநேகிதி எனக்கு இல்லை என்று தெரிந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

எட்டாம் நாள் காலை அவர்கள் ஏழு மணிக்குக் கிளம்பினார்கள். பஸ் ஏழரைக்கு. ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்தேன். பாறைப் பக்கமா பள்ளத்துப் பக்கமா என்று பார்த்து, சாலை நன்றாகத் தெரிகிற பக்கமாகப் பார்த்துத்தான் பிடித்தேன். எல்லா வளைவிலும், அங்கே நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தேன். பானட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கும் ஒரு தக்காளி கலர் கார். ஓரத்துக் கல்லில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைக்கும் ஒருத்தி. பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்குவேன், "நகரு" என்பேன், சாவியை வாங்குவேன். பதினைந்தாவது வளைவோ இருபதாவதோ, அப்போதுதான் எனக்கே உறைத்தது. நான் பயந்து தேடவில்லை. ஆசைப்பட்டுத் தேடிக்கொண்டிருந்தேன். அங்கே ஒருவன் ஊசிக்காகக் கத்திக்கொண்டிருக்கலாம். அவன் இன்னும் ஒரு வருடம் கத்தினாலும் சரி, நான் சொன்னது சரியாக வேண்டும் என்று ஆசைப்பட்டேன். என்மேல் எனக்கு வந்த கோபத்தில் முன் சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

பஸ் மைதானத்து வாசலில் நின்றபோது ஒன்றே முக்கால். உள்ளே வரிசையாகக் கார்கள். எண்ணினேன். பதினேழு. தக்காளி கலர் இல்லை.

போஸ்ட்டு ஒரு தண்ணீர் பாட்டிலோடு நிழலில் நின்றிருந்தான். "வண்டி எங்கடா?" என்று ஓடினேன்.

"பதினொண்ணேகாலுக்கே வந்தாச்சு. நர்ஸுக்கு உடனே எங்கேயோ போகணும்னாங்க. புது கை, மலை ரோட்டுல தனியா ஓட்டப் பயந்துச்சு. சோடா கூடப் போயிருக்கா."

அரை மணி கழித்துக் கார் இறங்கி வந்தது. ஓட்டிக்கொண்டு வந்தது அந்தப் பெண்தான். மெதுவாக, ஆனால் நேராக. இறங்கியதும் சோடாவின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, காலி ஊசிப் பெட்டியோடு உள்ளே ஓடினாள். சோடா என்னிடம் வந்தாள். சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. முகம் நான் பார்த்தே இராத மாதிரி இருந்தது.

"எப்ப வந்த?" என்றாள்.

"இப்பதான். வழியெல்லாம் உங்களைத்தான் பாத்துக்கிட்டே வந்தேன்."

"எங்க பாத்த?"

பொய் சொல்லியிருக்கலாம். "ஒவ்வொரு வளைவுலயும்" என்றேன்.

வளைவில் எதற்காகத் தேடியிருப்பேன் என்று அவளுக்குப் புரிந்தது. புரிகிறவரை நானும் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும், பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

"ஒரு இடத்துலகூட நிக்கலடி" என்றாள். என்னைத் தாண்டிப் போய், போஸ்ட்டின் கையிலிருந்த பாட்டிலை வாங்கித் தண்ணீர் குடித்தாள்.