முகம் தெரியும் பித்தளை

அண்ணன் தேவசகாயத்தின் நகக்கண்ணில் ஏறியிருந்த பித்தளைத் தூள் சோப்பு போட்டும் போகவில்லை. சவுரிமுத்து ஈர்க்குச்சியால் நோண்டிக்கொண்டிருந்தான். சவப்பெட்டியில் கிடந்தவனின் நெஞ்சை மட்டும் துணியால் மூடியிருந்தார்கள். அறுந்த பெல்ட் அங்கேதான் அடித்திருந்தது.

பேரணாம்பட்டில் தோல் பதனிடும் ஷாப்பில் இரண்டு பேருக்கும் ஒரே பட்டறை. தம்பி லேத்தில், தண்டைத் தாங்கும் பித்தளைப் பேரிங்கை இரண்டு பாதியாகக் கடைவான். அண்ணன் அதன் உள்பக்கத்தை உளியால் சுரண்டிச் சின்னச் சின்னப் பள்ளம் போடுவான். பள்ளத்தில் எண்ணெய் தங்கும். தோல் டிரம்மைச் சுழற்றும் தண்டு சூடேறாமல் சுற்றும். போன வாரம் மேஸ்திரி கோதண்டராமன், "இன்னாடா இது, கோழி கிண்டின மாதிரி" என்று அத்தனையையும் உப்புத்தாளால் தேய்க்க வைத்தார். அண்ணன் வேண்டாமென்று சொல்லிப் பார்த்தான். நேற்று பேரிங் காய்ந்துபோய்த் தண்டைக் கவ்விக்கொண்டது; அதை ஓட்டிய பெல்ட் அறுந்து வீசியது.

செருப்பைக் கழற்றாமல் மேஸ்திரி வாசலில் வந்து நின்றார்.

"அவன் நேரம்டா, சவுரி. பெல்ட்டாண்ட போய் நிப்பானா?"

"நீங்கதான எண்ணெ ஊத்த அனுப்பனீங்க, மேஸ்திரி."

"அத்த வுடு. டிரம்முல தோலு கெடக்குது, அழுகினா பேஜாரு. கல்லறையிலேர்ந்து நேரா ஷாப்புக்கு வா. புது பேரிங் வோணும். உங்கண்ணன் மாதிரி கீறி வெச்ச, தொலச்சிடுவேன். கண்ணாடி மாதிரி மொகம் தெரியணும்."

"பெல்ட்டாண்ட யாரு நிப்பா?"

"ஒருத்தனும் வரமாட்றான், பயந்தாங்கொள்ளிங்க. நாந்தான் நிக்கணும்."

சவுரிமுத்து அண்ணன் கையைத் துடைத்து நெஞ்சின்மேல் வைத்தான்.

"சரிங்க மேஸ்திரி."

அவர் போனதும் அண்ணி மரியம்மாள் சுவரை விட்டு எழுந்து வந்தாள். அழுகை நின்றிருந்தது.

"அவரு உளி எங்க?"

இடுப்பில் செருகியிருந்ததை எடுத்தான். "அண்ணி, இது இல்லன்னா பள்ளம் போட..."

"தெரியும்."

வாங்கி, பெட்டிக்குள் ஜெபமாலைக்குப் பக்கத்தில், அண்ணன் கைக்கு அடியில் வைத்தாள். "அவரு சாமான் அவரோடயே போவட்டும்."

சவுரிமுத்து அவள் முகத்தைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். பிறகு அவன் ஆணி எங்கே என்று கேட்டான்.

சாயங்காலம் கல்லறை மண் ஒட்டிய காலோடு லேத்தில் நின்றான். கடைந்து முடித்து உப்புத்தாள் போட்டான். எண்ணெய்த் துணியால் தேய்த்தான். போதும் என்று தோன்றிய பிறகும் தேய்த்தான்.

மேஸ்திரி பேரிங்கின் ஒரு பாதியை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார்.

"இது வேலை. உங்கண்ணனுக்குச் சொன்னா ஏறலியே."

சவுரிமுத்து பித்தளைச் சீவலைக் கூட்டி அள்ளினான். மேஸ்திரி குனிந்து, விரலை நாக்கில் தொட்டு, அந்தப் பித்தளையில் முகம் பார்த்து மீசையை முறுக்கிவிட்டுக்கொண்டார்.