கண்ணாடிக்குள் பத்துப் புருவங்கள்

துணிக்கடையில் அவளுக்கு ஸ்கேல் என்று பெயர். சட்டை மடிக்கும் மேசையில் அவள் ஒரு மர ஸ்கேல் வைத்திருந்ததுதான் காரணம். மற்றவர்கள் கண்ணளவில் மடித்துத் தள்ளும்போது, இவள் காலரிலிருந்து கீழ் ஓரம் வரை அளந்து மடிப்பாள். அப்புறமும் மனசு ஆறாமல் பிரித்து மறுபடி மடிப்பாள். அவள் அடுக்கிய அலமாரியிலிருந்து ஒரு சட்டையை உருவ வாடிக்கையாளர்களுக்கே கை வராது.

ஆனால் அவள் மனசு மடிப்பு மேசையில் இல்லை. கடையின் முகப்பில், தெருவைப் பார்த்த கண்ணாடி அறையில் இருந்தது. அங்கே ஐந்து பெண் பொம்மைகள் நின்றன. அவற்றுக்கு உடுத்திவிட்டுக்கொண்டிருந்தவர் வேறு கடைக்குப் போனதிலிருந்து அந்த வேலை ஆளில்லாமல் கிடந்தது. கேட்கலாமா, கேட்டால் சிரிப்பார்களா என்று யோசித்தே பல வாரங்களை ஓட்டினாள். ஒருவழியாக வாயைத் திறந்து சின்னவரிடம் கேட்ட அன்று, சின்னவர் ஒரு முட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

சின்னவர் என்றால் முதலாளியம்மாவின் மகன். முட்டை என்றால் புது மாதிரி பொம்மை. கழுத்துக்கு மேலே வழவழவென்று ஒரு வெள்ளை முட்டை. கண் இல்லை, மூக்கு இல்லை, வாய் இல்லை. ஒன்றைப் பார்வைக்காக வரவழைத்திருந்தார். பிடித்தால் நாளை மறுநாள் காலையில் ஐந்துக்கும் ஆர்டர். பொம்மை விற்கிற கம்பெனியே ஆள் அனுப்பி உடுத்திவிட்டும் போகும்.

சின்னவர் சொன்ன நியாயத்திலும் பழுதில்லை. பழைய பொம்மைகளுக்குப் புருவம்தான் பிரச்சினை. உடம்பு அப்படியே இருக்கும், புருவம் மட்டும் சில வருஷத்தில் பழசாகிவிடும். இப்போது இருந்தது கருகருவென்று ரப்பர் ஸ்டாம்ப் குத்தினாற்போன்ற கட்டைப் புருவம். அந்த மோகம் வந்த வேகத்திலேயே போய்விட்டது. இன்றைக்குப் பெண்கள் புருவ முடியை மேல்நோக்கிச் சீவிவிட்டுக்கொண்டு திரிகிறார்கள்.

"புருவமே இல்லன்னா புருவம் பழசாகாதுல்ல?" என்றார் சின்னவர், முட்டையைத் தட்டிக்கொண்டே.

அந்த நேரத்தில் ஸ்கேலுக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, நாளைக்குக் கடை லீவுதானே, சாவியைக் கொடுத்தால் ஐந்துக்கும் இன்றைய புருவம் வைத்துக் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டாள். சின்னவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். நன்றாக வந்தால் கண்ணாடி அறை உனக்கு, வராவிட்டால் பொம்மைகள் பழைய சாமான் கடைக்கு என்று சொல்லிச் சாவியை நீட்டினார்.

மறுநாள் மதியம் அக்காவைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தாள். அக்கா அழகு நிலையத்தில் புருவம் திருத்துகிறவள். நூலை வாயில் கடித்துக்கொண்டே ஊர் வம்பு பேசக்கூடியவள். பொம்மைகளின் தலை திருகினால் கழன்று வரும். அக்கா ஒவ்வொரு தலையாக மடியில் வைத்துக்கொண்டு, வாடிக்கையாளரிடம் கேட்பதுபோல, "என்ன மேடம், ரொம்ப நாளா ஆளையே காணோம்?" என்று கேட்டாள். ஸ்கேலுக்குச் சிரிக்கக்கூட நேரமில்லை. பழைய புருவத்தைத் தோல் நிறத்தால் மூடினாள். பிறகு அக்காவின் தொழில் கணக்கை அப்படியே பிடித்துக்கொண்டாள்: மூக்கின் ஓரத்திலிருந்து நேர் மேலே புருவம் தொடங்க வேண்டும், அதே இடத்திலிருந்து கண்மணி வழியாக ஒரு கோடு போட்டால் அது தொடுமிடத்தில் வளைவு வர வேண்டும், கண்ணின் வெளி முனை வழியாகப் போட்டால் அங்கே முடிய வேண்டும். நூல் பிடித்து, ஸ்கேல் வைத்து, புள்ளி குத்தி, மெல்லிய தூரிகையால் முடி முடியாக வரைந்தாள். சாயங்காலம் தலைகளைத் திருகி மாட்டிவிட்டு இருவரும் வீட்டுக்குப் போனார்கள். இனி குறை சொல்ல ஒன்றுமில்லை என்று அக்கா சொல்லியும், ஸ்கேல் தூக்கத்தில் புருவம் அளந்துகொண்டிருந்தாளாம்.

காலையில் கடை திறக்கும் முன்பே வந்து, முதல்முறையாகத் தெருவில் நின்று கண்ணாடியைப் பார்த்தாள். பகீரென்றது.

ஐந்து பொம்மைகளும் அவளைச் சந்தேகமாகப் பார்த்தன. ஒரு புருவம் மூக்கோரத்தில் தூக்கிக்கொண்டிருந்தது, மற்றது காதோரத்தில். விலையைக் கேட்டுவிட்டு 'அப்படியா?' என்று நிற்கிற பெண்களைப்போல ஐந்தும் வரிசையாக நின்றன.

எதிரே கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர் ஷட்டரைத் தூக்கிக்கொண்டே கேட்டார்: "ஏம்மா, நான் என்ன தப்பு பண்ணேன்? வந்ததுலேருந்து அஞ்சு பேரும் என்னையே ஒரு மாதிரியா பாக்குறாங்க."

அக்காவுக்குப் போன் போட்டாள். அக்கா ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்ட சத்தம் போனிலேயே கேட்டது. "அடியே, நேரா பாருங்கன்னு சொல்லிட்டுத்தானே நான் நூலையே எடுப்பேன். உன் பொம்மை எங்கே நேரா பாக்குது?"

அதுதான் விஷயம். தெருவில் போகிறவர்களின் பார்வையை வாசலுக்கு இழுப்பதற்காக, ஐந்து பொம்மைகளின் கண்களும் ஓரமாக வாசலைப் பார்க்கும்படி வரையப்பட்டவை. ஒரு கண்மணி மூக்கை ஒட்டி, மற்றது காதை ஒட்டி. அக்காவின் கணக்கு பிசகவில்லை, ஸ்கேலும் பிசகவில்லை. இரண்டும் சேர்ந்துதான் காலை வாரிவிட்டன.

சின்னவர் வர இன்னும் கொஞ்சம் நேரமிருந்தது. நகச்சாயம் நீக்கும் திரவத்தைப் பஞ்சில் நனைத்து முதல் பொம்மையின் நெற்றியில் தேய்த்தாள். புதுப் புருவம் கரைந்தது. அவசரத்தில் கொஞ்சம் அதிகமாகவே தேய்த்துவிட்டாள் போலிருக்கிறது. அதற்குக் கீழே இருந்த கட்டைப் புருவமும் கரைந்து, தோல் நிறம் வந்து, அதற்கும் கீழே பென்சில் கோடு மாதிரி ஒல்லியாக, நீண்ட வாலோடு வேறொரு புருவம் எட்டிப் பார்த்தது.

தேய்த்த கை நின்றது. ஒவ்வொரு முறையும் புருவம் மாற்ற வந்த பெயின்டர் பழையதைச் சுரண்டவில்லை, மேலே மேலே பூசிக்கொண்டே போயிருக்கிறார். இந்தக் கடையில் முதலாளியம்மா எப்போதெல்லாம் தன் புருவத்தை மாற்றினாரோ அப்போதெல்லாம் பொம்மைகளுக்கும் மாறும் என்று பழைய ஆட்கள் கேலியாகச் சொல்வதுண்டு. அத்தனையும் இந்த நெற்றிகளுக்குள் இருந்தன.

புதிதாக வரைந்தால் சின்னவர் வருவதற்குள் காயாது. இருப்பதை வெளியே கொண்டுவரலாம். முதல் பொம்மையை ஒல்லிக் கோட்டோடு விட்டாள். இரண்டாவதில் இன்னும் ஒரு படலம் இறங்கினாள். அள்ளி வைத்த புதர்போல, யாரும் கை வைக்காத அடர்ந்த புருவம். மூன்றாவதில் அதற்கும் கீழே, வில்லாக வளைந்து பாதி நெற்றிக்கு ஏறிய புருவம். நான்காவதில் மேலோட்டமாக மட்டும் தேய்த்துக் கட்டைப் புருவத்தோடு நிறுத்தினாள். ஐந்தாவதுக்கு வந்தபோது திரவம் தீர்ந்துவிட்டது. அது பழைய சந்தேகத்தோடேயே நின்றது.

அந்த நேரம் பார்த்துப் பின்கதவு திறந்து முதலாளியம்மா வந்தார். கடிகாரக்காரர் போன் செய்து, உங்கள் பொம்மைகள் தெருவையே விசாரிக்கின்றன என்று சொல்லியிருக்கிறார். போட்டது போட்டபடி புறப்பட்டு வந்திருந்தார். ஸ்கேல் பஞ்சை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். நடந்ததைச் சொல்லத் தொடங்கி, மூக்கு, கண்மணி, நூல் என்று தடுமாறிப் பாதியில் நிறுத்தினாள்.

முதலாளியம்மா அவள் பேச்சைக் கேட்கவே இல்லை. பொம்மை பொம்மையாக நடந்தார். வில் புருவத்தின் முன் நின்று, கடை திறந்த புதிது இது, அப்போது எனக்கு எதைப் பார்த்தாலும் ஆச்சரியம் என்றார். புதரைப் பார்த்து, சின்னவன் கைக்குழந்தையாக இருந்த காலம், கண்ணாடி பார்க்க யாருக்கு நேரம் என்றார். ஒல்லிக் கோட்டின் முன் மட்டும் வெகுநேரம் நின்றார்.

"எல்லாரும் நினைக்கிற மாதிரி பொம்மை என்னைப் பாத்து மாறலைம்மா. இந்த ஒண்ணை மட்டும் நான்தான் பொம்மையைப் பாத்து மாத்திக்கிட்டேன். நல்லா இருக்கேன்னு மொத்தத்தையும் எடுத்தேன். பொம்மைக்கு மேல பூசிட்டாங்க. எனக்கு முளைக்கவே இல்ல."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அன்றிலிருந்து தினமும் காலையில் பென்சிலால் வரைந்துகொண்டுதான் வெளியே வருகிறாராம்.

அதற்குள் கண்ணாடிக்கு வெளியே ஆள் சேர்ந்துவிட்டது. வேலைக்குப் போகிற வழியில் நின்ற ஒரு பெண் ஒல்லிக் கோட்டைக் காட்டித் தன் தோழியின் தோளில் இடித்தாள். உன் கல்யாண போட்டோவில் இருப்பது இதுதானே என்று கேட்டிருக்க வேண்டும், தோழி முகத்தைப் பொத்திக்கொண்டாள். ஓர் அம்மாவும் மகளும் புதர் முன்னால் நின்று மாறி மாறித் தங்கள் புருவத்தைத் தொட்டுப் பார்த்தார்கள். கல்லூரிப் பெண் ஒருத்தி கதவைத் தட்டி உள்ளே தலையை நீட்டி, அந்தக் கடைசி பொம்மையின் புருவம் புதுசாக இருக்கிறதே, எங்கே செய்துவிடுகிறார்கள் என்று கேட்டாள். ஸ்கேல் தட்டுத்தடுமாறி அக்காவின் அழகு நிலையத்துக்கு வழி சொன்னாள்.

சின்னவர் வந்தபோது தன் கடை வாசலிலேயே வழி கேட்டு நுழைய வேண்டியிருந்தது. கூட்டத்தைப் பார்த்தார், பொம்மைகளைப் பார்த்தார், இன்றைய புருவம் வைக்கச் சொன்னால் பழையதை எல்லாம் தோண்டி எடுத்திருக்கிறாயே என்று ஸ்கேலிடம் ஆரம்பித்தார்.

"கண்ணாடி ரூம் இனிமே இவ பொறுப்பு," என்றார் முதலாளியம்மா. "உன் முட்டையைத் தொப்பி செக்‌ஷனுக்கு அனுப்பு. அப்புறம், அந்தச் சந்தேகப் புருவத்தைக் கல்லாப்பெட்டியைப் பாத்த மாதிரி திருப்பி வைம்மா. அங்கே உக்காருறவருக்கு ஒரு பயம் இருக்கட்டும்."

கல்லாவில் உட்காருகிறவர் சின்னவர்தான். பதில் சொல்ல வாயெடுத்தவர், அம்மாவின் முகத்தை அப்போதுதான் வெளிச்சத்தில் சரியாகப் பார்த்தார்.

"அம்மா, உங்க இன்னொரு புருவம் எங்க?"

போன் வந்த அவசரத்தில் ஒன்றை வரைந்ததோடு ஓடி வந்திருக்கிறார். இத்தனை நேரமும் ஸ்கேல் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். சொல்லத்தான் துணிச்சல் வரவில்லை. முதலாளியம்மா கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டார். வெளியே நின்றவர்களும் அவரைப் பார்த்தார்கள். அவர் அலட்டிக்கொள்ளாமல் கைப்பையைத் திறந்து, பாதி தேய்ந்த பென்சிலை எடுத்து ஸ்கேலிடம் நீட்டினார்.

"முதல்ல இதை முடி. அப்புறம் பொம்மைக்குப் போகலாம்."

ஸ்கேல் வழக்கம்போல மடிப்பு மேசைப் பக்கம் திரும்பி மர ஸ்கேலைத் தேடினாள். பிறகு வேண்டாமென்று விட்டுவிட்டு, பென்சிலைக் கூர் பார்த்து, ஒரு விரலால் முதலாளியம்மாவின் மோவாயை மெல்ல நிமிர்த்தினாள்.

"நேரா பாருங்கம்மா," என்றாள்.