ஏழாவது பெட்டி

லிஃப்ட் மெக்கானிக்கிடம் சின்ன வயதிலிருந்தே ஒரு வீடியோ கேம் இருந்தது. டிவியில் வந்த கார்ட்டூன் கீரி ஒன்றை வைத்துச் செய்தது. கையில் மண்வெட்டியோடு கீரி பாறைக்குப் பாறை தாவும். குகை, பனிமலை, மூழ்கிய கப்பல் என்று புதையல் பெட்டிகளைத் தேடிப் போகும். மொத்தம் ஏழு பெட்டிகள். மெக்கானிக் முப்பது வருடமாகத் தலைகீழாக நின்றும் ஆறைத் தாண்டியதில்லை.

அவர் மனைவி பல் செட் செய்யும் லேபில் வேலை பார்த்தாள். அந்தக் கேமை அவள் ஏறெடுத்தும் பார்த்தவள் இல்லை. படியில் வழுக்கிக் கணுக்கால் முறிந்து, ஆறு வாரம் சோபாவே கதி என்று ஆனதும்தான் கையில் எடுத்தாள்.

முதல் வாரம் மெக்கானிக் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார்.

"அவசரப்படாத. பாம்பு தலையத் தாழ்த்தட்டும், அப்புறம் குதி."

சொல்லிக்கொடுப்பது அவருக்குப் பிடித்திருந்தது. மூன்றாம் வாரம் சொல்ல எதுவும் மிச்சமில்லை.

ஒருநாள் அவருடைய தம்பி வந்து பார்த்துவிட்டு வாயைப் பிளந்தான். "அண்ணே, அண்ணி ஒரு உயிர்கூட விடாம அஞ்சு பெட்டி எடுத்துட்டாங்க! நீ இத்தனை வருஷமா என்னத்தக் கிழிச்ச?"

எல்லோரும் சிரித்தார்கள். மெக்கானிக்கும் சிரித்தார். அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. தன் பொண்டாட்டி மேலேயே பொறாமையா என்று வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டும் எரிச்சல் அடங்கவில்லை.

கட்டுப் பிரிக்கும் நாள் காலையில் அவள் கத்தினாள்.

"என்னங்க! ஆறு எடுத்தாச்சு. ஏழாவது எங்கன்னும் தெரிஞ்சுபோச்சு!"

"எங்க?"

"வந்து எடுத்துக் காட்றேன். அப்படியே நிறுத்தி வச்சிருக்கேன், யாரும் தொட்டுராதீங்க."

அந்தக் கேமில் விட்ட இடத்தைச் சேமித்து வைக்க வழி கிடையாது. அணைத்தால் முதலிலிருந்துதான். தலைவலி என்று மெக்கானிக் வீட்டிலேயே தங்கிவிட, தம்பிதான் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான்.

கப்பலின் மரச்சுவர் முன்னால் கீரி அசையாமல் நின்றது. மெக்கானிக் திரையை முட்டுகிற மாதிரி குனிந்து பார்த்தார். ஒன்றும் புலப்படவில்லை. தனக்கு முப்பது வருடமாகத் தெரியாதது அவளுக்கு ஆறு வாரத்தில் எப்படித் தெரியும்? கை தானாகப் போய் சுவிட்சை அணைத்தது.

அவள் ஊன்றுகோலோடு உள்ளே வந்து கறுத்த திரையைப் பார்த்தாள்.

"கரண்ட் போயிடுச்சு," என்றார். "இப்பதான் வந்துச்சு."

குளியலறைப் பக்கம் வாஷிங் மெஷின் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. போகும்போது அவள் போட்டுவிட்ட துணி. கரண்ட் போனால் நின்றுவிடும், மறுபடி கையால் போட்டால்தான் சுற்றும் பழைய மெஷின் அது. அவள் அந்தச் சத்தத்தைக் கேட்டாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அத மட்டும் விட்டுட்டுப் போச்சா உங்க கரண்ட்டு?"

தம்பி செருப்பை மாட்டிக்கொண்டு நழுவினான்.

"நான்தான் அணைச்சேன்," என்றார் கடைசியில். "தாங்க முடியல."

அவள் திட்டவில்லை. சோபாவில் உட்கார்ந்து கேமை மறுபடி போட்டாள்.

"உட்காருங்க. முழுசா பார்த்துட்டுதான் எழுந்திரிக்கணும்."

இரண்டு மணி நேரம் அவர் அசையவில்லை. கப்பலில் ஒரு பலகையைக் கீரி மூன்று முறை தட்டியது. சுவர் திறந்தது. ஏழாவது பெட்டிமேல் ஏறிக் கீரி குட்டிக்கரணம் போட்டது.

"நான் எடுத்திருக்கணும்," என்றார்.

"தெரியும்."

"எப்படிக் கண்டுபிடிச்ச?"

"அந்தப் பலகை மட்டும் மத்ததவிட ஒரு துளி நிறம் மங்கல். நாள் முழுக்கப் பல்லோட நிறத்துக்குப் பல்லு பொருத்துறவளுக்கு இதுகூடத் தெரியாதா?"

அவள் முகத்தில் இருந்த பெருமை அவரைச் சுட்டது. இருந்தும் திரையை நோக்கி நகர்ந்து உட்கார்ந்தார்.

"எந்தப் பலகை? இன்னொரு தடவ காட்டு."