கருப்புக்கு நேர்ந்த முடி

ஒரு தலை முடி, முழுத்தலை, காதோரத்துப் பூனைமயிர்கூடப் பாக்கியில்லாமல், அதுதான் ஆலடிக் கருப்புக்கு நான் தர வேண்டியது, கோயிலுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் பலகை போட்டு என்னை உட்கார வைத்திருக்கிறார்கள், செம்பிலிருந்து ஊற்றிய தண்ணீர் நெற்றியில் இறங்கி மூக்கு நுனியில் நின்று யோசித்துவிட்டு மடியில் சொட்டுகிறது, தலையைக் குனி ஆத்தா என்று நாவிதர் பிடரியில் கைவைத்து அழுத்துகிறார், எதிரே என் மகள் வர்ணிகா தேங்காய்த் தட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நிற்கிறாள், ஐந்தாவது படிக்கிற பிள்ளை, நிற்கிற நிற்பைப் பார்த்தால் குழுக்கடன் வசூலிக்க வருகிற ஆள் தோற்றான், தவணையை வாங்காமல் வாசலைவிட்டு நகர மாட்டேன் என்கிற நிற்பு, பக்கத்தில் என் வீட்டுக்காரர் பெரியகருப்பன் வெயிலுக்குத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு கொட்டாவி விடுகிறார், நாவிதர் என் சுருட்டையை விரலில் சுற்றிப் பார்க்கிறார், ஏத்தா, இம்புட்டு அழகா வச்சிருக்க, பூமுடி மட்டும் எறக்கிட்டுப் போயேன், மூணு கத்தரிப்பு, சாமி ஒண்ணும் சொல்லாது என்கிறார், எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது, வாயைத் திறப்பதற்குள் மகள் சொல்கிறாள், முழுசுன்னுதான் பேச்சு.

பேசியது நான்தான், அவள் பொய் சொல்லவில்லை, மார்பில் கடலைப்பருப்பு அளவு இருந்தபோதே பார்த்திருக்க வேண்டும், கலவைச் சட்டி இடித்த வீக்கம் என்று தைலத்தைத் தேய்த்துக்கொண்டு சாரம் ஏறிக்கொண்டிருந்தேன், அவர் கொத்தனார், நான் சித்தாள், அவர் மேலே நின்று கலவை எங்கே என்று கத்துவார், நான் கீழே நின்று வாயில் வந்ததைச் சொல்வேன், அப்படியே ஓடிக்கொண்டிருந்த பிழைப்பு, ஒருநாள் பெரியாஸ்பத்திரியில் புற்று என்று சொல்லிவிட்டார்கள், அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் கருப்பு சாமி படத்துக்கு முன்னால் நிற்கிறேன், நான் பொழச்சு எந்திரிச்சா என் தலமுடி பூராம் ஒனக்குத்தாய்யா என்கிறேன், மனசுக்குள் சொல்லியிருந்தால் அது எனக்கும் கருப்புக்கும் உள்ள பேச்சு, பின்னால் கொஞ்சம் முன்னே பின்னே பேசிக்கொண்டிருக்கலாம், நான் வாய்விட்டுச் சொன்னேன், முதுகுக்குப் பின்னால் பிள்ளை நின்றிருந்தாள், அவரும் நின்றிருந்தார், அழுதுகொண்டுதான் நின்றார், ஆனாலும் மூக்கைச் சிந்திவிட்டு, முடிய வச்சுக்கிட்டுச் சாமி என்ன புள்ள செய்யும், கெடான்னு நேந்திருந்தா நாமளும் ஒரு வாய் சாப்பிட்டிருக்கலாமே என்றார், நான் சிரித்துவிட்டேன், புற்று என்று கேட்ட அன்றைக்கே சிரித்த பொம்பளை நானாகத்தான் இருப்பேன்.

அப்போது என் தலையில் இருந்ததும் பெரிய முடி ஒன்றுமில்லை, சும்மாடு வைத்துச் சட்டி சுமந்து சுமந்து உச்சியில் உள்ளங்கை அகலத்துக்குத் தேய்ந்துபோய், சுற்றிலும் வேலியும் நடுவில் பொட்டலுமாக இருந்தது, இந்தப் பேரத்தில் கருப்புக்கு நஷ்டம்தான் என்று நினைத்துக்கொள்வேன், அந்த நஷ்டத்துக்குள்ளும் ஆஸ்பத்திரி முந்திக்கொண்டது, இரண்டாவது ஊசி ஏற்றி வந்த பிறகு குளிக்கும்போது தலையில் கை வைக்கிறேன், பாத்தியில் கீரை பிடுங்குவதுபோலக் கொத்துக் கொத்தாகக் கையோடு வருகிறது, பிள்ளை பார்த்துப் பயந்துவிடுவாளே என்று துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தால், அவள் என் தலையைப் பார்க்கவே இல்லை, தண்ணீர் போகிற ஓட்டையைப் பார்க்கிறாள், அம்மா, சாமி முடி சாக்கடையில போகுதும்மா என்று குத்தவைத்துக் குச்சியால் வாரி எடுத்துத் துணிக்கடைப் பையில் போட்டு முடிச்சுப் போடுகிறாள், அப்பாவை விட்டுப் பூசாரிக்குப் போன் போடச் சொல்கிறாள், நேந்த முடிய ஆஸ்பத்திரியே எடுத்துக்கிருச்சு, வாரி வச்சிருக்கோம், கொண்டாரவா என்று இவர் கேட்க, பூசாரி, உதுந்தது கணக்குல வராதப்பா, ஆத்தா எந்திரிச்சு நடமாடுன பெறகு மொளைக்கிறதக் குடுக்கட்டும், கருப்பு பொறுத்துக்கிருவாரு என்று சொல்லிவிட்டார், அந்தப் பையைக் குப்பை வண்டியில் போடும்போது பிள்ளைக்கு மனசே இல்லை.

அதிலிருந்து என் தலை அவள் காவலில் இருந்த நாற்றங்கால், பள்ளிக்கூடம் போகுமுன் சீருடையோடு கட்டிலில் ஏறிச் செல்போன் வெளிச்சத்தை அடித்துப் பார்ப்பாள், இன்னும் கெளம்பல சாமி என்று படத்துக்குத் தகவல் சொல்லிவிட்டுப் போவாள், நான் கிடக்கிறேன், வாயெல்லாம் புண், கஞ்சி இறங்கவில்லை, பிள்ளை வளர்ப்பதையும் படுத்துக்கொண்டே செய்ய வேண்டியிருக்கிறது, வீட்டுப்பாடம் எழுதாமல் போனை நோண்டிக்கொண்டிருந்தவள்மேல் ஒருநாள் செருப்பை எடுத்து வீசினேன், கையில் வலுவில்லை, அது கட்டில் காலடியிலேயே விழுந்தது, அவள் எழுந்து வந்து செருப்பை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுப் பழைய இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள், இப்ப எறிம்மா, நல்லா வீசி எறி என்றாள், நான் எறியவில்லை, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன், சிரித்தேனா என்ன செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை, திரும்பிப் பார்த்தபோது அவள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

ஊசி முடிந்தது, புற்றைக் கருக்கக் கரண்டு வைப்பதும் முடிந்தது, முடி முளைத்தது, சும்மா முளைக்கவில்லை, கருகருவென்று, சுருட்டையாய், உச்சிப் பொட்டலையும் மூடிக்கொண்டு, எங்கள் வம்சத்திலேயே இல்லாத முடி, தெருக்குழாயடியில் பெண்கள் என்ன எண்ணெய் தேய்க்கிற என்று கேட்டார்கள், பெரியாஸ்பத்திரி எண்ணெய் என்றேன், இவர் புதுசாகக் கல்யாணமானவர்போல ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு ஒருநாள் மல்லிகைப்பூ வாங்கி வந்தார், வைப்பதற்குச் சடை எங்கே இருக்கிறது, காதில் செருகிவிட்டார், பொங்கலுக்கு ஜோடித்த மாடாட்டம் நின்றேன், ஆனாலும் கண்ணாடியைவிட்டு நகர மனசு வரவில்லை, மகள் விரலை வைத்து அளந்தாள், ரெண்டு வெரக்கடை வந்துருச்சும்மா, போவமா என்றாள், அந்த நேரத்தில்தான் டாக்டரம்மா எல்லாம் நல்லாயிருக்கு, ஆனா அஞ்சு வருஷம் போகட்டும், அப்பத்தான் முழுசாச் சொல்ல முடியும் என்றார், அந்தப் பேச்சைப் பொன்னாட்டம் முந்தியில் முடிந்துகொண்டு வந்து மகளிடம், கேட்டியா, பொழச்சாத்தான முடி, பொழச்சேனான்னு அஞ்சு வருசம் கழிச்சுத்தான் தெரியுமாம் என்றேன், இவரும் எனக்குப் பரிந்து, ஆமத்தா, கான்கிரீட்டுப் போட்டுத் தண்ணி கட்டி வச்சிருக்கு, இப்பப் போயி முட்டுப் பலகையைப் பிரிக்கலாமா என்றார், அப்ப அம்மா என்ன கூரையாப்பா என்று கேட்டுவிட்டு அவள் புத்தகத்தைத் திறந்துகொண்டாள்.

முடி ஆசை பாதிதான், மீதி பயம், மொட்டை போட்டால் பிள்ளைக்கு அம்மா பிழைத்துவிட்டாள் என்று அர்த்தம், கருப்பு முன்னால் நின்று ஆமாம் என்று நான் கைநாட்டு வைக்கிற காரியம் அது, வைத்த பிறகு நோய் திரும்பி வந்தால், வரலாம் என்பதற்குத்தானே அந்த அஞ்சு வருஷம், முடியை வாங்கிக்கொண்டு ஏமாற்றிவிட்டார் என்று அவள் கருப்போடு பேச்சை விட்டுவிடுவாள், நான் இல்லாத வீட்டில் சாயங்காலமானால் போய் நின்று பேசுவதற்குப் பிள்ளைக்கு அவராவது வேண்டாமா, அவரையும் உடைத்துப் போட்டுவிட்டுப் போகிற தாயாக இருக்கக் கூடாது என்றுதான் நாளைக் கடத்தினேன், ஒன் பேரைத்தானய்யா காப்பாத்திக்கிட்டு இருக்கேன் என்று படத்தைப் பார்த்துச் சொல்வேன், சொல்லும்போதே கை சுருட்டையைக் கோதிக்கொண்டிருக்கும்.

பிறகு கவனிக்கிறேன், விளக்கேற்றியதும் படத்து முன்னால் போய் நிற்கிற பிள்ளை இப்போதெல்லாம் நிற்பதில்லை, அந்தப் பக்கம் முகத்தைக் காட்டாமல் சுவரோரமாக நடக்கிறாள், பாக்கி வைத்தவள் மளிகைக் கடையைக் கடக்கிற நடை, எதற்குப் பயந்தேனோ அது மொட்டை போடுவதற்கு முன்பே நடந்துவிட்டதோ என்று நினைத்து, சோற்றைப் போட்டுக்கொண்டே, என்னத்தா, சாமியோட சண்டையா என்று கேட்டேன், இல்லம்மா, வெக்கமா இருக்கு என்றாள், எதுக்குடி வெக்கம் என்றேன், பழைய பாக்கி நிக்கயில புதுசா எப்புடிம்மா போயிக் கேக்குறது என்றாள், புதுசா என்னத்தக் கேக்கப் போற என்றதற்கு, அப்பளத்தை உடைத்தபடி, வெயில் அடிக்கிறது என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள், திரும்ப வரக் கூடாதுன்னு கேக்கணும்ல, நான் கரண்டியைச் சட்டியில் போட்டுவிட்டு, வரும்னு ஒனக்கு யாரு சொன்னா என்றேன், அஞ்சு வருசம்னா அதானம்மா அர்த்தம் என்றாள், அப்படியும் வந்துட்டா என்னடி செய்வ என்று கேட்டுவிட்டேன், கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன், அவள் வாயிலிருந்ததை மென்று விழுங்கிவிட்டு, வந்தா மறுபடியும் நேந்துக்குவோம், முடிதான் மொளைக்குதுல்ல என்றாள், குழம்பு கேட்டாள், ஊற்றினேன், விழுந்துவிடும் விழுந்துவிடும் என்று நான் இத்தனை நாள் முதுகை வைத்துத் தாங்கிக்கொண்டிருந்த சுவர், நான் இருப்பதே தெரியாமல் அதுபாட்டுக்கு நின்றுகொண்டிருந்திருக்கிறது, ஞாயித்துக்கெழம போவம் என்றேன்.

கத்தி உச்சியில் வைத்து இறங்குகிறது, சில்லென்று ஒரு கோடு, பிறகு இன்னொரு கோடு, சுருள் சுருளாக மடியில் விழுகிறது, இவர் குனிந்து ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்க்கிறார், நல்ல முடி புள்ள என்கிறார், கண்ணைத் துடைத்துக்கொண்டு புழுதி என்கிறார், மகள் தட்டை அவரிடம் கொடுத்துவிட்டு என்னைச் சுற்றி வருகிறாள், தாத்தா, காதுக்குப் பின்னாடி விட்டுட்டீங்க என்கிறாள், நாவிதர் அங்கேயும் இழுத்துவிட்டு, ஒம் மகளுக்குக் கட்டிக்கப் போறவன் பாவம்த்தா என்கிறார், தண்ணீர் ஊற்றிச் சந்தனம் பூசுகிறாள், இரண்டு கையாலும் தலை முழுக்க அழுத்திப் பூசுகிறாள், புதுச் சுவருக்குப் பூச்சு பூசும்போது அவள் அப்பாகூட இத்தனை கவனமாகப் பூசியதில்லை, கருப்பு முன்னால் போய் நிற்கிறோம், நேத்திக்கடன் முடிஞ்சதாத்தா என்று பூசாரி என்னைத்தான் கேட்கிறார், பழசு தீந்துருச்சு என்று அவள் பதில் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறாள், உதடு அசைகிறது, அசைந்துகொண்டே இருக்கிறது, பாப்பா, பின்னாடி ஆளு நிக்கிது என்கிறார் பூசாரி, கண்ணைத் திறக்காமல் ஒரு விரலை மட்டும் தூக்கிக் காட்டுகிறாள், இருங்க என்று, அவர் திருநீற்றுத் தட்டோடு நிற்கிறார், ஆலமரத்துக் காற்று என் வெறுந்தலையில் படுகிறது, அஞ்சு வருஷம் இன்னும் அப்படியே கிடக்கிறது, எனக்கு ஒன்றும் தெரியாது, ஆனாலும் பிள்ளைக்குக் கேட்கட்டும் என்று வாய்விட்டே சொல்கிறேன், பொழச்சுட்டேன் கருப்பா, அவள் ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னை ஒரு பார்வை பார்க்கிறாள், மறுபடி மூடிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து கேட்கத் தொடங்குகிறாள்.