கூரைக்குக் கீழே பன்றி

செவ்வாய்க்கிழமை முதல் எங்கள் வீடு ஒரு பழைய சீன எழுத்தாக இருக்கிறது. மேலே கூரை. கீழே பன்றி. சுவர்கள் இல்லை. எழுத்தில் அவற்றுக்கு இடமில்லை.

மலேசியாவின் ஈப்போவில் எங்களுடையது பெயர் பெற்ற சைவக் குடும்பம். முட்டை தின்பவர்களை என் தகப்பனார் கேட்டைத் தாண்ட விட்டதில்லை.

எதிர்வீட்டுச் சீனர் ஆ லிம் வந்து நின்று வாசித்தார்.

“வீடுன்னு எழுதியிருக்கு ஐயா. குடும்பம்னும் சொல்லலாம்.”

“பன்னி எதுக்கு?”

“கூரைக்குக் கீழ பன்னி இருந்தாத்தான் குடும்பம். அந்தக் காலத்துலேருந்தே அப்படித்தான்.”

“மனுஷன்?”

“மனுஷன் அந்த எழுத்துலயே இல்ல லா.”

அன்று என் மகள் செண்பகவல்லியைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. சம்பந்தம் பிடித்தால் எங்கள் வீட்டில் கை நனைப்பார்கள். பிடிக்காவிட்டால் தண்ணீர்கூடத் தொடமாட்டார்கள்.

நான் பன்றியை விரட்டினேன். அது என் செருப்பை மாட்டிக்கொண்டு அமைதியாக வெளியேறியது.

உடனே வீடு வீடாக இல்லை. மாப்பிள்ளையின் தகப்பனார் வயிரவநாதன் தெருவில் நின்று எங்கள் பக்கமே பார்த்தார். குடும்பம் இல்லாததால் நாங்களும் அவருக்குத் தெரியவில்லை.

“இங்கதான ஒரு வீடு இருந்துச்சு?”

“குடும்பமே இல்லாத எடத்துல என்னத்தப் பொண்ணு எடுக்கறது? கெளம்புங்க” என்றாள் அவர் மனைவி. கார்க் கதவு திறந்தது.

என் மனைவி தெய்வானை என்னைப் பார்த்தாள்.

“என்னை ஏன் பாக்கறே?”

“வேற யாரைங்க பாக்கறது?”

என் முதுகு இதுவரை யாருக்கும் வளைந்ததில்லை. வேட்டியை மடித்துக் கட்டினேன். கூரைக்கு நடுவில் கைகளையும் ஊன்றி நான்கு காலில் நின்றேன்.

“அட, இந்தா இருக்கே!” என்று வயிரவநாதன் உள்ளே வந்தார். “பெரியவர் எங்கம்மா?”

“வெளிய போயிருக்காங்க” என்றாள் தெய்வானை. செண்பகவல்லி என்னைச் சுற்றிக்கொண்டு போய்க் காப்பி கொடுத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“நல்ல குடும்பம்” என்றார் வயிரவநாதன்.

கை நனைத்தார்கள். பாயசம் மறுபடியும் கேட்டு வாங்கினார்கள்.

புறப்படும்போது அவர் வாழைப்பழத் தோலை என் வாயில் வைத்து, காதுக்குப் பின்னால் சொறிந்துவிட்டார். வாசலில் என் செருப்போடு பன்றி நின்றது.

“சம்பந்தி வந்துட்டாரே!” என்று அதைப் பார்த்துக் கைகூப்பினார்.

அது முதுகை வளைக்காமல் வணக்கம் சொன்னது.

என் காதுகள் எரிந்தன. வாயிலிருந்த தோல் இனித்தது.